லிக்னினை உடைத்தால் மட்டும் போதாது

போச்சம்பள்ளி, பாரூர் வட்டாரத்துத் தென்னை நார் மில்களில், மட்டையிலிருந்து நாரை உருவிய பிறகு மிஞ்சும் தூள் மேடு மேடாகக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அதிலிருந்து பழுப்புச் சாறு இறங்கும். கோடையில் தீப்பிடித்தால் லேசில் அணையாது. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகளில் சீசன் வந்துவிட்டால் பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக உள்ளே போகும். போனதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் தோலும் கொட்டையுமாக வெளியே வரும். பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கை. கடலை உடைக்கும் இடங்களில் நிலக்கடலை ஓடு.

இந்த எல்லாவற்றையும் இறுக்கிக் கெட்டியாக்கி வைத்திருப்பது லிக்னின். தாவர உலகில் செல்லுலோஸுக்கு அடுத்தபடியாக அதிகம் கிடைக்கும் பொருள் இதுதான். காய்ந்த தாவர எடையில் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். கரும்புச் சக்கையில் 20 சதவீதத்தை ஒட்டி, தென்னை நார்த்தூளில் 30 சதவீதமும் அதற்கு மேலும். கொட்டைகளின் கடின ஓட்டில் இன்னும் செறிவு. 2012-இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகில் இப்படிச் சேரும் கொட்டை ஓடுகளைக் கணக்கெடுத்தபோது, தேங்காய்ச் சிரட்டையும் மாங்கொட்டை ஓடும்தான் அதில் பெரும்பங்கு என்று வந்தது. இந்த இரண்டும் ஒரே மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று அரை மணி நேரப் பயணத் தூரத்தில் கிடைக்கிற ஊர்கள் அதிகம் இருக்காது.

இதைச் சொன்னதும் அடுத்த கேள்வி தானாக வரும்: நொதிகளைக் கொண்டு லிக்னினை உடைத்து, அயனித் திரவத்தில் (திரவமாகவே இருக்கும் ஒரு வகை உப்பில்) கரைத்து, வெனிலா வாசனை தரும் வெனிலின், நைலானுக்கான மூலப்பொருள், பிளைவுட் பசை என்று எடுக்கலாமாமே, இங்கே ஏன் யாரும் செய்யவில்லை? உடைப்பது அவ்வளவு பெரிய விஷயமில்லை. உடைந்த துண்டுகள் மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதிலும், கரைக்கப் பயன்பட்ட திரவத்தைச் சிந்தாமல் திரும்ப எடுப்பதிலும்தான் முழுத் தொழிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் லிக்னின் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்த்துவிடலாம். செல்லுலோஸ் என்பது ஒரே பூவை ஒரே முடிச்சில் வரிசையாகத் தொடுத்த சரம். குளுக்கோஸ், மறுபடி குளுக்கோஸ், மறுபடி குளுக்கோஸ். முடிச்சு ஒன்றை அவிழ்க்கும் நொதி கிடைத்துவிட்டால் சரம் முழுவதையும் அவிழ்த்துவிடலாம். லிக்னின் அப்படியில்லை. கூமரில், கோனிஃபெரில், சினாபில் என்று மூன்று விதமான ஆல்கஹால்கள் அடிப்படைத் துண்டுகள். இவை வரிசை எதுவும் இல்லாமல், பல விதமான பிணைப்புகளில், முன்னும் பின்னும் குறுக்கும் சிக்கிக் கிடக்கும். இந்தப் பிணைப்புகளில் அதிகம் காணப்படுவது பீட்டா-ஓ-4 என்ற ஈதர் பிணைப்பு. மரங்களில் பாதியை ஒட்டியோ அதற்கு மேலோ அதுதான். நடுவில் ஆக்சிஜன் இருப்பதால் அதை உடைக்க வழி உண்டு. கார்பனும் கார்பனும் நேரடியாகப் பிணைந்த இடங்கள்தான் கல்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. லிக்னின் எந்தச் செடியிலிருந்து வந்தது என்பதைப் போலவே, வழியில் அதற்கு என்ன நடந்தது என்பதும் முக்கியம். காகித ஆலையில் காரமும் கந்தகச் சேர்மமும் போட்டு 160, 170 டிகிரியில் வேகவைத்தால் உடையக்கூடிய ஈதர் பிணைப்புகள் போய்விடும்; அந்த இடத்தில் புதிய கார்பன்-கார்பன் பிணைப்புகள் உருவாகும். காகித ஆலையிலிருந்து டன் கணக்கில், இலவசம் போலக் கிடைக்கும் லிக்னின்தான் உடைக்க மிகவும் கடினமானது. மட்டையில், சக்கையில், ஓட்டில் வேகாமல் இருக்கும் லிக்னின் அதைவிட இணக்கமானது. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் மாவட்டங்களுக்குச் சாதகமான முதல் விஷயம் இது என்று எனக்குப் படுகிறது.

சரி, இப்போது லிக்னினை என்ன செய்கிறார்கள்? எரிக்கிறார்கள். கரூர் காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்யும் டி.என்.பி.எல். ஆலையை எடுத்துக்கொண்டால், கூழ் காய்ச்சியபின் மிஞ்சும் பிளாக் லிக்கரில் கரைந்திருக்கும் லிக்னின் பாய்லருக்குப் போகிறது. உலகெங்கும் இதே கதைதான். காகித ஆலைகளில் ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல் லிக்னின் பிரிகிறது, அதில் விற்பனைப் பொருளாக வெளியே வருவது 2 சதவீதம் அளவுக்குத்தான். இதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. காய்ந்த லிக்னின் கிலோவுக்கு 25 மெகாஜூல் அளவுக்கு வெப்பம் தரும், நல்ல நிலக்கரிக்கு நிகர். ஆலையின் நீராவியும் மின்சாரமும் அதிலிருந்தே வருகின்றன. லிக்னினை ரசாயனமாக்குகிறேன் என்று வருபவர் முதலில் அந்த எரிபொருளுக்கு ஈடு சொல்ல வேண்டும்.

'கழிவு' என்று நாம் சொல்லும் மற்றவற்றுக்கும் இதே நிலைதான். சக்கை ஆலையின் பாய்லருக்குப் போகிறது. நார்த்தூளைக் கழுவி, அழுத்திக் கட்டியாக்கி, மண்ணில்லா விவசாயத்துக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். ராகித் தாள் மாட்டுக்குத் தீவனம். வறட்சி ஆண்டில் அதைத் தொடுவதே பாவம். உண்மையாகவே விலையில்லாமல் கிடப்பது மாங்கொட்டை ஓடும், ஏற்றுமதித் தரத்துக்கு வராத பழைய நார்த்தூளும்தான் என்று நினைக்கிறேன்.

லிக்னினிலிருந்து ரசாயனம் எடுப்பது புதிதும் இல்லை. 1930-களிலேயே அமெரிக்காவில் காகித ஆலைக் கழிவு நீரிலிருந்து வெனிலின் எடுத்தார்கள். நார்வேயில் சார்ப்ஸ்போர்க் ஊரிலுள்ள போரெகார்ட் நிறுவனம் 1962 முதல் ஸ்புரூஸ் மரத்து லிக்னினிலிருந்து வெனிலின் செய்துவருகிறது. ஐஸ்கிரீமின் வாசனையில் ஒரு பகுதி அங்கிருந்து வருவதுதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். உலகம் முழுவதற்கும் ஆண்டுக்குத் தேவைப்படும் வெனிலின் சில பத்தாயிரம் டன்கள். 5 கோடி டன் லிக்னினில் எடைக்கு 5 சதவீதம் வெனிலின் கிடைத்தாலே 25 லட்சம் டன் ஆகிவிடும். இரண்டு மூன்று ஆலைகள் முழு மூச்சில் இறங்கினால் சந்தை நிரம்பி விலை தரைக்கு வந்துவிடும். லிக்னின் கட்டுரை எதை எடுத்தாலும் வெனிலினில் தொடங்கி வெனிலினில் முடிவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி நொதிகள். இயற்கையில் லிக்னினை முழுதாகச் சிதைக்கும் வேலையைப் பெரும்பாலும் வெண்ணழுகல் பூஞ்சைகள் செய்கின்றன. லிக்னினைத் தின்று மரத்தை வெளுக்க வைப்பதால் அந்தப் பெயர். இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் ஊர்களில் வைக்கோல் அடைத்த பாலித்தீன் பைகளில் தொங்கும் சிப்பிக் காளான் இந்த வகையைச் சேர்ந்ததுதான். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நார்த்தூளைச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைக்கும் முறையைப் பல காலமாகச் சொல்லிவருகிறது. அவர்கள் கணக்குப்படி 30 சதவீதமாக இருந்த லிக்னின் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது. 112-க்கு 1 என்றிருந்த கார்பன்-நைட்ரஜன் விகிதம் 24-க்கு 1 ஆகிறது. அதாவது லிக்னின் உடைகிறது, மூடாக்குப் போட்ட ஒரு மேட்டில், பைசா மின்சாரம் இல்லாமல். ஆனால் உடைந்தது கரியமில வாயுவாகவும் மக்காகவும் போகிறது. உரம் வேண்டுமென்றால் நல்லது. வெனிலின் வேண்டுமென்றால் அதற்குள் பூஞ்சை சாப்பிட்டு முடித்திருக்கும்.

அதனால்தான் பூஞ்சையை விட்டுவிட்டு அதன் நொதியை மட்டும் எடுத்துப் பயன்படுத்தும் எண்ணம் வந்தது. லாக்கேஸ் என்ற நொதி 1883-லேயே, ஜப்பானிய அரக்கு மரப் பாலில் யோஷிதா என்பவரால் கண்டறியப்பட்டது. நான்கு தாமிர அணுக்கள் கொண்ட இது காற்றிலிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டே வேலை செய்து, கடைசியில் வெறும் தண்ணீரை விட்டுச்செல்லும். லிக்னின் பெராக்சிடேஸ் அதைவிட வலுவானது. 1983-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே பூஞ்சையில் இதைக் கண்டுபிடித்தன. இதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அளவு கூடினால் அதுவே நொதியைக் கெடுத்துவிடும்.

நொதி என்றதும் பள்ளிப் பாடத்தில் படித்த பூட்டு-சாவி படம் நினைவுக்கு வரும். லிக்னின் விஷயத்தில் அந்தப் படம் உதவாது. லிக்னின் பெரிய, கரையாத முடிச்சு. நொதியின் உட்குழிக்குள் அது நுழையாது. அதனால் பூஞ்சை ஒரு தந்திரம் செய்கிறது. வெராட்ரில் ஆல்கஹால், மாங்கனீசு அயனி போன்ற சின்னப் பொருள்களிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, அவற்றைப் பசியோடு வெளியே அனுப்புகிறது. அவை லிக்னினுக்குள் புகுந்து எலக்ட்ரானைப் பறித்துக்கொண்டு வருகின்றன. லிக்னினில் எலக்ட்ரானை இழந்த இடம் நிலைகொள்ளாமல் தவிக்கும், பிணைப்பு அறுபடும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பம். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் அந்தத் துண்டுக்குப் பக்கத்திலேயே அதேபோல் இன்னொன்று நின்றால் இரண்டும் சேர்ந்துவிடும். பல சமயம் முன்பு இருந்ததைவிடக் கெட்டியான பிணைப்பில். லாக்கேஸை லிக்னினோடு சோதனைக்குழாயில் போட்டால், சில நேரம் துண்டுகள் சிறிதாவதற்குப் பதில் மூலக்கூறு எடை கூடிவிடுவதைப் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. செடி தன் செல் சுவரில் லிக்னினைக் கட்டும்போது பயன்படுத்துவதும் இதே லாக்கேஸ், பெராக்சிடேஸ் குடும்ப நொதிகள்தான். கட்டுவதும் பிரிப்பதும் ஒரே வேதிவினை, திசைதான் வேறு. பூஞ்சை மட்டும் எப்படித் தப்பிக்கிறது? துண்டு விழ விழ அதைத் தின்றுவிடுகிறது. ஒட்டிக்கொள்ள ஆளே மிஞ்சுவதில்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்தால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியின் போக்கு புரியும். நொதியோடு கூடவே துண்டை உடனடியாக விழுங்கும் ஒன்றையும் வைக்க வேண்டும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது சூடோமோனாஸ் புடிடா என்ற மண் பாக்டீரியா. பல விதமான லிக்னின் துண்டுகளை உள்ளே இழுத்து, அவற்றை ஒன்றிரண்டு பொதுப் பொருளாக மாற்றிவிடும் இயல்பு அதற்கு உண்டு. அதன் மரபணுக்களில் கை வைத்து, வழியில் ஓரிடத்தை அடைத்துவிட்டால் மியூகோனிக் அமிலம் சேர ஆரம்பிக்கும். அதற்கு ஹைட்ரஜன் ஏற்றினால் அடிபிக் அமிலம். நைலான்-66 செய்ய அதுதான் பாதி மூலப்பொருள். அமெரிக்காவின் தேசிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறது. வெனிலினைப் போல நிரம்பிவிடும் சந்தை இல்லை இது. அடிபிக் அமிலம் உலகில் ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் விற்கிறது. இன்று அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவதால், விலையில் அதோடு மோத வேண்டும் என்பதுதான் தலைவலி. வேதியியலாளர்களுக்கு நொதி இல்லாத மாற்று வழியும் உண்டு: 2016-இல் ஃபார்மால்டிஹைடு சேர்த்துப் பிரித்தெடுத்தால் துண்டுகள் ஒட்டும் இடங்கள் மூடிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். நல்ல வழிதான், நஞ்சான ஃபார்மால்டிஹைடைக் கையாளும் தைரியம் இருந்தால்.

அயனித் திரவம் எங்கே வருகிறது? நொதிக்கு முந்தின படியில். கட்டியாகக் கிடக்கும் சக்கையையோ ஓட்டையோ நொதியால் நெருங்கவே முடியாது. முதலில் தளர்த்த வேண்டும். சமையல் உப்பு உருக 801 டிகிரி வேண்டும். அதே உப்பு வகைதான், ஆனால் அயனிகளைப் பெரிதாகவும் ஒழுங்கற்ற வடிவமாகவும் எடுத்துக்கொண்டால் அவை நெருக்கமாக அடுக்க முடியாமல் குறைந்த வெப்பத்திலேயே திரவமாக இருக்கும். 1914-இல் பால் வால்டன் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் அறை வெப்பத்திலேயே திரவம். 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்புகளை எல்லாம் இன்று இந்தப் பெயரில் சேர்க்கிறார்கள். 2002-இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் ராபின் ராஜர்ஸ் குழு இப்படி ஒரு திரவத்தில் செல்லுலோஸைக் கரைத்துக் காட்டிய பிறகு, தாவரக் கழிவு ஆராய்ச்சியில் இது பெரிய அலையானது. சில அயனித் திரவங்கள் செல்லுலோஸையும் கரைக்கும். சில லிக்னினை மட்டும் இழுத்துக்கொண்டு செல்லுலோஸை விட்டுவிடும். கரைத்த பிறகு தண்ணீர் சேர்த்தால் லிக்னின் பழுப்புத் தூளாகப் படியும்.

அதிகம் பேசப்பட்டவை இமிடசோலியம் வகைத் திரவங்கள். விலை அதிகம். அவற்றில் சில நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, அயனியின் கார்பன் வால் நீள நீள நஞ்சும் கூடும். ஆவியாகாது என்பதால் 'பசுமைக் கரைப்பான்' என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். காற்றுக்குப் பசுமை, சரி. ஆவியாகாத பொருள் சிந்தினால் போகிற இடம் தண்ணீர்தான்.

இதற்கு மாற்றாகக் கலிபோர்னியாவின் எமரிவில் நகரிலுள்ள கூட்டு உயிர்ஆற்றல் நிறுவனம் விரிவாக ஆராய்ந்தது கோலினியம் வகையை. அதில் பிரபலமானது கோலினியம் லைசினேட், அதாவது கோலினும் லைசினும். நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர்களுக்கு இந்த இரண்டு பெயரும் தீவன மூட்டையிலேயே அறிமுகம்: கோலின் குளோரைடு, லைசின். தீவனத்தில் வருவது அப்படியே கரைப்பானாகிவிடாது, குளோரைடை நீக்க ஒரு படி வேண்டும். இருந்தாலும் உயிர்களுக்குப் பழக்கமான பொருள்கள் என்பது பெரிய ஆறுதல். இன்னொரு உறவுக்காரப் பொருளும் உண்டு: மூலக்கூறு எண்ணிக்கையில் கோலின் குளோரைடு ஒரு பங்கு, யூரியா இரண்டு பங்கு கலந்தால் இரண்டு திடப்பொருள்களும் சேர்ந்து 12 டிகிரியிலேயே உருகும் திரவமாகிவிடும். இங்கிலாந்தில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2003-இல் இதை வெளியிட்டார்கள். தீவனமும் உரமும் கலந்து ஒரு கரைப்பான்! லிக்னினுக்கு யூரியாவைவிட லாக்டிக் அமிலம் சேர்த்த கலவை நன்றாக வேலை செய்யும்.

இனி இரண்டையும் சேர்க்கும் இடம். அயனித் திரவம் வேலை செய்ய 120, 140, சில சமயம் 160 டிகிரி வேண்டும். நொதிக்கு 30 முதல் 60 டிகிரி. கோலினியம் லைசினேட் நல்ல காரம். பூஞ்சை லாக்கேஸ் பெரும்பாலும் அமிலத்தன்மையை விரும்பும். அடர்ந்த அயனித் திரவத்தில் நொதியின் மடிப்பு குலைந்துவிடும். ஒன்றுக்குச் சாதகமானது மற்றதற்குப் பகை. ஆக, திரவத்தைத் தண்ணீரில் நீர்க்கச் செய்து, குளிர வைத்து, அமிலம் சேர்த்துச் சரிக்கட்டி, அதன் பிறகு நொதியையும் பாக்டீரியாவையும் விட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் செய்யும் முறைகள் வந்திருக்கின்றன. உப்பையும் சூட்டையும் தாங்கும் நொதிகளைத் தேடியும் வடிவமைத்தும் வருகிறார்கள். ஆனால் நீர்க்கச் செய்த ஒவ்வொரு லிட்டர் தண்ணீரையும் பின்னால் ஆவியாக்கித்தான் திரவத்தைத் திரும்பப் பெற முடியும். விலை அங்கேதான் ஏறுகிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 டன் சக்கைக்கு 5 டன் அயனித் திரவம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீதம் திரும்பக் கிடைத்தாலும் 50 கிலோ போய்விடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் மலிவான கந்தக அமில வகைத் திரவத்தைக் கிலோ ஒரு டாலரைச் சற்றே தாண்டிய செலவில் செய்யலாம் என்று மதிப்பிட்டார்கள். நம் பணத்தில் சுமார் 100 ரூபாய் என்று கொண்டால் இழப்பு மட்டும் டன்னுக்கு 5,000 ரூபாய். இமிடசோலியம் வகைக்கு இது பல மடங்கு. மீட்பு 97 சதவீதத்துக்கு இறங்கினால் இழப்பு மூன்று மடங்கு. விற்கப்போகும் பொருள் இதைத் தாங்குமா என்று யோசிக்க வேண்டும்.

இதில் தருமபுரிக்கென்று ஒரு கூடுதல் தடை உண்டு, தண்ணீர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால் இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் குழாயில் கொண்டுவந்து குடித்துக்கொண்டிருக்கிறோம். கூழைக் கழுவிக் கழுவித் திரவத்தை மீட்கும் தொழிலை இங்கே வைப்பதென்றால், ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடும் அதற்கான ஆவியாக்கிகளும் முதல் நாளிலிருந்தே வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய தொழில்களால் நதிகள் என்னவாகும் என்பதற்கு, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் இங்கே ஒன்றும் செய்ய முடியாதா? முடியும், ஆனால் நுனியிலிருந்து தொடங்க வேண்டும். புல் வகைத் தாவரங்களில், அதாவது கரும்பு, ராகி, நெல் எல்லாவற்றிலும், லிக்னினின் ஓரங்களில் கூமரிக் அமிலமும், அதையொட்டிய ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலிகளில் ஃபெருலிக் அமிலமும் எஸ்டர் பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈதர் முடிச்சைப் போல இது பிடிவாதமில்லை. மிதமான காரக் கரைசலிலேயே கழன்றுவிடும். நொதிதான் வேண்டுமென்றால் ஃபெருலாயில் எஸ்டரேஸ் இருக்கிறது. இது தண்ணீரைக் கொண்டு வெட்டும் நொதி, எலக்ட்ரானைப் பிடுங்குவதில்லை. ஜோடியில்லாத எலக்ட்ரான் இல்லை, அதனால் மறுபடி ஒட்டும் பிரச்சினையும் இல்லை. கிடைக்கும் ஃபெருலிக் அமிலத்தை நுண்ணுயிரி கொண்டு வெனிலினாக்கினால் அது 'இயற்கை வெனிலின்' கணக்கில் சேர்ந்து, பெட்ரோலிய வெனிலினைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும். இன்று இதற்கான ஃபெருலிக் அமிலம் பெருமளவு அரிசித் தவிட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. ராகியின் மேல்தோலிலும் ஃபெருலிக் அமிலம் நிறைய உண்டு. ராகி மால்ட் செய்யும் இடங்களில் சலித்துத் தள்ளுவது அந்தத் தோலைத்தான். தென்னை நார் புல் வகை இல்லை, ஆனால் அதன் லிக்னினில் பாரா-ஹைட்ராக்சி பென்சோயிக் அமிலம் இதேபோல எஸ்டராக ஒட்டியிருக்கும். அதையும் காரம் கழற்றும்.

ஓரத்தைக் கழற்றிய பின் மிஞ்சும் பெரிய உடம்பை மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிக்க அவசரப்பட வேண்டியதில்லை. பிளைவுட் பசையில் ஃபீனாலுக்குப் பதில் ஒரு பகுதி லிக்னின் சேர்க்கலாம். சல்ஃபோனேற்றம் செய்தால், அதாவது கந்தகக் கூறு ஒன்றைச் சேர்த்து நீரில் கரையவைத்தால், கான்கிரீட்டில் தண்ணீரைக் குறைக்கும் கலவையாகவும், தீவன உருண்டையைப் பிடித்துவைக்கும் பொருளாகவும் போகும். இவை உலகில் ஏற்கெனவே ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் விற்கும் சரக்கு. ஓசூரைச் சுற்றிக் கட்டடம் எழும்பும் வேகத்தில் முதல் வாடிக்கையாளரைத் தேடி வெகுதூரம் போகத் தேவையிருக்காது.

அயனித் திரவ ஆலை அமைக்கிறேன், உங்கள் மாங்கொட்டையையும் நார்த்தூளையும் கொடுங்கள் என்று யாராவது வந்தால், என்ன பொருள் வரும் என்று கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். திரவத்தில் எத்தனை சதவீதம் திரும்ப வரும், அதை எத்தனை சுற்று ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள், டன்னுக்கு எவ்வளவு தண்ணீர், மே மாதத்தில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும், மாங்காய் சீசன் முடிந்த ஒன்பது மாதம் ஆலை எதைத் தின்னும் என்று கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்கு எண்ணாகப் பதில் சொல்பவரிடம் மேலே பேசலாம்.